பிரான்சு சோடா

பால் ஒத்துக்காது, சளி பிடிக்கும். தயிர் ஒத்துக்காது, மூட்டைப் பிடிக்கும். கேழ்வரகுக் கூழ் ஒத்துக்காது, வயிற்றைப் பிடிக்கும். முருங்கைக்கீரையும் ஒத்துக்காது, அது எதையும் பிடிக்காது, அவிழ்த்து விட்டுவிடும். எள் சூடு. காலை வெயில் தலைவலி. நடந்தால் முழங்கால் குடைச்சல். முதலியார்பேட்டையில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாதவற்றை எழுதப்போனால் நாற்பது பக்க நோட்டு போதாது. ஒத்துக்கொண்டவை மூன்றுதான். ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் கடுங்காப்பி, எலுமிச்சை ஊறுகாய், பால்கோவா.

"பாலு ஒத்துக்காதுன்னீங்க, பால்கோவா மட்டும் எப்பிடிக்கா ஒத்துக்குது?" என்று ஒரு நாள் மடக்கினேன்.

"அதுல ஏதுப்பா பாலு? பாலத்தான் சுண்டக் காய்ச்சி தீத்துடறானே. கோவா மட்டுந்தான மிச்சம்" என்றார்.

இருபது ஆண்டுகளாக அரசு அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களுக்கு மறுப்பு எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கே மறுப்பு எழுத வரவில்லை.

அக்கா என்கிறேனே தவிர, அப்போதே அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியிருந்தது என்று கேட்கிற தைரியம் தெருவில் யாருக்கும் இல்லை. குடிவந்த அன்று என் மனைவி மரியாதையாக "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"இன்னிக்கி அம்மாம்ப, நாளைக்கி ஆயாம்ப. அக்கான்னா மாடி, இல்லன்னா தெரு. எது வேணும்?"

அக்கா என்றே வைத்துக்கொண்டோம்.

அன்றைக்கே என்னையும் அளந்துவிட்டார். அளப்பதுதான் அவருக்குத் தொழில். மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நெய்து வரும் துணியை அளந்து மடிக்கிற பிரிவில் முப்பது வருடம் நின்றவர். எதைப் பார்த்தாலும் கண் முதலில் அளவைத்தான் எடுக்கும். என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு தடவை பார்த்தார்.

"அஞ்சடி மூணேகால்."

"அஞ்சடி அஞ்சுக்கா" என்றேன். எல்லா விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

"செருப்ப அவுத்துட்டு சொல்லு. பொண்டாட்டி உன்ன விட அர இஞ்சி ஜாஸ்தி."

கல்யாணமான நாளிலிருந்து நான் கட்டிக் காத்த ரகசியம். மனைவி பக்கத்தில் நின்று, "நான் சொன்னா மட்டும் மூஞ்சி எட்டு கோணலாப் போவும்" என்றாள். அக்காவோ நெடுநெடுவென்று என்னைவிட உயரமாக நின்றார். ஐந்தடி ஐந்து என்று அவரே சொன்னார். அதை யாரும் சரிபார்க்க முடியாது, அளவுகோலே அவர்தானே. ஆரம்பத்தில் அவரோடு பேசும்போது நான் அண்ணாந்துதான் பேசுவேன்.

அளந்து முடித்ததும் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். உள்ளே என்னவோ மஞ்சளாகச் சீறிக்கொண்டிருந்தது. எலுமிச்சை வாசம். மேலே ஒரு சிட்டிகை உப்பு.

"பிரான்சு சோடா. எம்பொண்ணு அனுப்புது. குடி."

அவருடைய ஒரே மகள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தாள். அங்கிருந்து ஊருக்கு யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் அக்காவுக்கு ஒரு பொட்டலம் இருக்கும். நான் குடித்தேன். சிலுசிலுவென்று மூக்குவரை ஏறி, கடைசியில் ஒரு நல்ல ஏப்பமாக இறங்கியது. பிரான்சு மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு உப்பளம் பகுதியில் இருந்த என் அலுவலகம் விட்டு வந்ததும் நேரே மாடி ஏறுவதை விட்டுவிட்டேன். கீழ்வீட்டு வாசலில் செருப்பு கழலும், உள்ளே டம்ளர் சீறும். எனக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மீன்காரம்மாவுக்கு, மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்கு, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவருக்கு எல்லாம் உண்டு. தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் தெருவில் ஒரே மாதிரி ஏப்பம் விட்டார்கள்.

"நீங்க குடிக்கலியாக்கா?"

"கேஸு. ஒத்துக்காது."

நாங்கள் குடிவந்து ஒரு வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கையில் டம்ளரோடு நான் உட்கார்ந்திருக்க, மகள் வீடியோவில் வந்தாள். சாப்பாடு, குளிர், பேரன் படிப்பு எல்லாம் பேசிவிட்டுக் கேட்டாள்.

"எலும்பு மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா? தண்ணியில கரைச்சிக் குடிக்கிறதுதான்? டெய்லி ஒண்ணு?"

"போடறேன், போடறேன். தீந்துபோச்சி. இன்னும் நாலு டியூபு அனுப்பு."

நான் டம்ளரைப் பார்த்தேன். அது சீறியது. அடுத்த கேள்வி எனக்கு வந்தது.

"அண்ணே, பக்கத்துலதான் இருக்கீங்களா? நெசமாவே குடிக்குதா? எங்க பாட்டி கூன் விழுந்து, ஒரு நாளு வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடஞ்சிதான் போச்சி. இங்க டாக்டருங்க சொல்றாங்க, வயசாவ வயசாவ பொம்பளைங்களுக்கு எலும்பு உள்ளுக்குள்ளயே கரைஞ்சிடுமாம், விழற வரைக்கும் தெரியாதாம். எனக்கு அதாண்ணே பயம். அம்மா விழுந்துடக்கூடாது."

அக்கா தொலைபேசிக்கு மேலாக என்னைப் பார்த்தார். துணியில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"டெய்லி ஒரு டம்ளர், என் கண்ணு முன்னாடியே காலியாவுதும்மா" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. கோப்பு எழுதிப் பழகிய வாய். அந்தப் பெண் "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்று நிம்மதியாக வைத்தாள்.

சமையலறைக்கு ஓடிப்போய் டியூபை எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கால்சியம் என்ற சொல்லைப் படிக்கப் பிரெஞ்சு தேவையில்லை. காலி டியூபுகளில் மேல்தாளைக் கிழித்துவிட்டுச் சீரகமும் கிராம்பும் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார். எண்ணிப் பார்த்ததில் பாதிக்குமேல் என் வயிற்றுக்குள் போனவை.

"அக்கா, இது மருந்து!"

"மருந்துன்னா கசக்கும். இது இனிக்குது."

"உங்களுக்கு அனுப்புனதுக்கா!"

"எனக்கு அனுப்புனதாலதான் எடுத்துக் குடுக்கறேன். அடுத்தவங்களுக்கு அனுப்புனத எடுத்தா குடுக்கறேன்?"

டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டு மாடி ஏறினேன்.

அடுத்த மாதமே மழையில் இறுகிப்போன ஜன்னலைத் தள்ளப்போய் அக்காவுக்கு மணிக்கட்டில் விரிசல் விட்டது. ஜன்னல் திறக்கவில்லை. என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுண்ணாம்புச் சத்து கம்மியா இருக்குதும்மா உங்களுக்கு."

"வெத்தல போட சொல்றீங்களா? நாக்கு வெந்துடும். ஒத்துக்காது."

"அந்த சுண்ணாம்பு இல்லம்மா. கால்சியம். பாலு, கேவுரு, கீரை, முள்ளோட மெல்லுற பொடி மீனு. தெனம் கொஞ்ச நேரம் வெயில்ல நடங்க. உப்பையும் காப்பியையும் கொறைங்க. மாத்திரை எதுனா சாப்புடறீங்களா?"

"எம்பொண்ணு பிரான்சுலருந்து அனுப்புது."

அனுப்புகிறது என்பது உண்மைதான். என்னைப் போலவே பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"நல்லது, அத விடாம சாப்புடுங்க. தோ, படத்த பாருங்க, உள்ள எலும்பு பஞ்சு மாதிரி ஆயிட்டிருக்குது."

அந்த ஒரு சொல்லை மட்டும் டாக்டர் சொல்லியிருக்கக் கூடாது.

"பஞ்சுன்னா அவ்ளோ எளக்காரமா டாக்டர்? நீங்க போட்டிருக்கற சட்டையே பஞ்சுதான். முப்பது வருசம் எனக்கு சோறு போட்டுது பஞ்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து நானும் என் மனைவியும் அக்காவைத் திருத்தும் வேலையில் இறங்கினோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து தோற்ற ஒரே காரியம் அது. மற்றதில் எல்லாம் தனித்தனியாகத்தான் தோற்போம்.

மனைவி நெத்திலி வாங்கி, முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்து எடுத்துக்கொண்டு போனாள். அக்கா ஒவ்வொரு நெத்திலியாக எடுத்து, சுண்டுவிரல் நீள மீனுக்குள்ளிருந்து ஊசி மாதிரி முள்ளை உருவி, தட்டின் ஓரத்தில் அடுக்கினார். மில்லில் கழிவு நூலை ஒதுக்கிய சுத்தம். அரை மணி நேரம் கழித்து, அவருக்கு வேண்டியதெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒரு குவியலாகக் கிடந்தது.

"முள்ளுலதாங்க்கா சத்து" என்றாள் மனைவி அழாத குறையாக.

"தொண்டையில சிக்கிக்கினா உன் சத்தா வந்து எடுக்கும்?"

குவியலைப் பூனைக்கு வைத்தார். அந்தப் பூனை பிறகு இரண்டாவது மாடியிலிருந்து குதித்தும் ஒன்றும் ஆகவில்லை.

வெயிலுக்கும் நடைக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் ஸ்கூட்டரில் ஏற்றிக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். ஊரே கைவீசி நடந்துகொண்டிருந்தது. அக்கா வண்டியிலிருந்து இறங்கி, கட்டைச் சுவர்வரை பத்தடி நடந்து, உட்கார்ந்து, கறுப்புக் குடையை விரித்தார். சூரியன் அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து பாதி வந்திருந்தது. மீதிப் பாதி வெளியே வரலாமா என்று யோசித்திருக்கும்.

"குடைய மடக்குங்கக்கா. வெயிலு மேல படணும்."

"கண்ணு கூசுது. நீ போய் நடந்துட்டு வா, நான் பாக்கறேன்."

எனக்கு மட்டும் நடக்க ஆசையா என்ன? நானும் குடைக்குள் உட்கார்ந்தேன். ஆளுக்கொரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்தவர்கள் எலும்பு வலுப்பெறுவதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இப்படி ஒரு வாரம். என் தொப்பை கூடியதுதான் மிச்சம்.

சோடா விஷயத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டேன். அவர் ஒரு டம்ளர் குடித்தால்தான் நான் ஒன்று குடிப்பேன். சரி என்றார். இரண்டு டம்ளர் கரைத்தார். தன்னுடையதில் உதட்டை மட்டும் நனைத்தார். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசம் வந்தது, எழுந்து போனார், வரவில்லை. நுரை அடங்கிக்கொண்டே வந்தது. எனக்கு எதுவும் வீணாகப் போனால் தாங்காது. அன்றிலிருந்து தினம் இரண்டு டம்ளர் குடித்தேன். மகள் ஞாயிறுதோறும் கேட்டாள். நானும் ஞாயிறுதோறும், "காலியாவுதும்மா" என்றேன். நான்கு வருடம்.

இதற்கு நடுவில் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் எலும்பு பார்க்கும் முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு சின்னக் கருவிக்குள் வைத்தால் எலும்பின் அடர்த்தியைச் சொல்லும். அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். "ஊரு பாக்க சேலைய தூக்கி கால காட்டறதா? ஒத்துக்காது" என்று நாற்காலியை விட்டு எழவே இல்லை. வந்ததற்கு நான் காலை வைத்தேன். கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குது சார். என்ன சாப்புடறீங்க?"

"சோடா" என்றேன்.

அவள் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். நான் அந்தச் சீட்டை வீட்டில் மாட்டாத குறையாகக் காட்டித் திரிந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். அக்காவோடு பேசும்போது நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. கண்ணுக்குக் கண் நேராக இருந்தது. அப்புறம் ஒரு நாள் அவருடைய வகிடே தெரிந்தது. நாற்பத்தெட்டு வயதில் வளர்ந்துவிட்டேனோ என்று கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

ஒரு மாலை அக்கா கூடத்தில் புதுச் சேலையை விரித்து வைத்துக்கொண்டு, இஞ்சு டேப்போடு கோபமாக இருந்தார்.

"இந்த மில்காரனுங்களுக்கு இன்னா வந்துச்சின்னு தெரியில தம்பி. பன்னாவ பெரிசா நெய்யறானுங்க. எத கட்டுனாலும் தரையில பெருக்குது. சொருவி சொருவி இடுப்புல மூட்டையாட்டம் நிக்குது."

பன்னா என்றால் துணியின் அகலம். சேலைக்கு அதுதான் இடுப்பிலிருந்து பாதம்வரை வருவது.

"அளந்தீங்களா?"

"அளந்தேன். எப்பவும் இருக்கற அளவுதான் காட்டுது."

"அப்பறம் இன்னா?"

"டேப்பு இழுத்துக்கினு போச்சி. பிளாஸ்டிக்கு. மில்லுல இருந்தது இரும்புக் கோலு. அது ஏமாத்தாது."

பழைய சேலை ஒன்றை எடுத்து வந்து புதியதன் மேல் போட்டுப் பார்த்தார். விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது. "இதுவும் தொவச்சி தொவச்சி நீண்டுபோச்சி" என்றார்.

"சேல நீளல, டேப்பும் நீளல. நீங்கதாங்க்கா சுருங்கிட்டீங்க" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "தொவச்சி காயப்போட்டா நானும் நீண்டுடுவேன் போல" என்றார். நான் அதற்கு மேலும் ஏதோ சொன்னேன், அவர் அதற்கும் சிரித்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உருப்படியான மருத்துவக் கருத்து அது. அதையும் ஜோக்காகச் சொல்லித் தொலைத்துவிட்டு, மாடி ஏறிப் போய்ச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் அதே ஜோக்கைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, நெசமாவே சுருங்கிட்டாங்கங்க. மொதல்ல எல்லாம் நான் நிமுந்து பாத்துதான பேசுவேன்?"

மறுநாள் காலையில் கீழே போய், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல் அக்காவோடு பேசினேன். முதுகெலும்பு உள்ளே அமுங்குகிறது, டாக்டரிடம் போவோம், இன்றைக்கே போவோம் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போது சிரிப்பேன் என்று காத்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. ஊரையெல்லாம் சிரிக்கவைத்துப் பேர் வாங்கியதற்கு அதுதான் பலன்.

"போப்பா, காலங்காத்தால" என்றார்.

எனக்குக் கோபம் வராது என்பார்கள். வந்தது. "நீங்க அந்த மாத்திரைய குடிக்கிற வரைக்கும் உங்க வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சத்தம் போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

பத்து நாள். அலுவலகம் விட்டு வந்தால் கீழ்வீட்டு வாசலைப் பார்க்காமல் நேரே படி ஏறினேன். உள்ளேயிருந்து, "தம்பி, வந்துட்டியா?" என்ற குரல் வரும். பதில் சொல்ல மாட்டேன். முதல் நாலு நாள் குரல் அதட்டலாக வந்தது. அப்புறம் கேள்வியாக வந்தது. அவர் இறங்கி வருவார் என்று நினைத்தேன். இறங்கி வரவில்லை, ஏறி வந்தார்.

பதினோராவது நாள் சாயங்காலம். மாடிப்படியில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவு பெரிய காரியத்துக்கு அவ்வளவு சின்னச் சத்தம்.

ஓடினேன். மூன்றாவது படிதான். அதிலிருந்துதான் விழுந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் தினமும் குதிக்கிற உயரம். படியெல்லாம் மஞ்சளாக நுரைத்துக்கொண்டிருந்தது. வலது கால் வேறு யாருடைய காலோ போலத் திரும்பிக் கிடந்தது.

"உனக்குத்தான் எடுத்தாந்தேன். கோவக்காரப் பையன்" என்றார். பிறகு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "சேலைய மிதிச்சிட்டேன். பன்னா ஜாஸ்தி" என்றார்.

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் மகளைத் தொலைபேசியில் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்டது.

"நாலஞ்சு வருசமா கால்சியம், வைட்டமின் எல்லாம் அனுப்பறேன் டாக்டர். தெனம் குடிக்கறாங்க. மாடி வீட்டு அண்ணனே சாட்சி. கேட்டுப்பாருங்க."

டாக்டர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"சொல்லுங்கண்ணே" என்றாள் அந்தப் பெண், ஐயாயிரம் மைலோ எவ்வளவோ தள்ளியிருந்து.

இந்த முறை ஓர் எழுத்தும் பொய்யில்லாமல் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"குடிச்சது நான்தாம்மா."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

தொலைபேசியை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா எலும்ப நீங்கதாங்க குடிச்சீங்க."

மாத்திரை மட்டும் உடைசலைத் தடுத்திருக்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். நல்ல மனிதர். சாப்பாடு, வெயில், நடை எல்லாம் சேர்ந்து, அதுவும் இளவயதிலிருந்தே இருக்க வேண்டுமாம். ஆனால் உயரம் குறைவதை முன்பே யாராவது கவனித்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்றார். கவனித்துச் சொன்னவன் அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மகள் வந்து இறங்கினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அம்மாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எலும்பு நல்லா இருக்குதாண்ணே?"

முகாம் சீட்டு எங்கள் பீரோவில் பத்திரமாக இருந்தது.

"நல்லா இருக்குதும்மா."

கட்டிலிலிருந்து அக்கா குறுக்கிட்டார். "அவன இன்னாத்துக்குடி கேக்கற? வூட்டுக்கு வந்தவங்களுக்கு வெறுந் தண்ணியா குடுப்பாங்க? நல்லதா ஒண்ணு அனுப்புன, நாலு பேருக்கு குடுத்தேன்."

அவருக்குக் கடைசிவரை அதில் தப்பே தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அதில்தான். அவர் மேலா, என் மேலா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கம்பி வைத்துத் தைத்து, நடக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கும்வரை மகள் கூட இருந்தாள். அப்புறம் இரண்டொரு தடவை வந்துபோய், விசாக் காகிதங்கள் எல்லாம் முடிந்து, தன்னோடே கூட்டிப்போய்விட்டாள். நாங்களும் அரியாங்குப்பத்துக்கு மாறிவிட்டோம். என் மனைவி ஐம்பதை நெருங்குகிறாள். தினமும் ஒரு டம்ளர் பால், வாரம் மூன்று நாள் கேழ்வரகு, காலையில் ஆற்றுப்பாலம்வரை குடையில்லாமல் நடை. அவள் ஒழுங்காகக் குடிக்கிறாளா என்று நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். என் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை இல்லாததால், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள்.

போன ஞாயிறு வீடியோவில் அக்கா வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"மாத்திரை குடிக்கறீங்களாக்கா?"

"குடிக்காம வுடுவாளா? முழுங்கற வரைக்கும் எதுருலயே நிக்கறா, போலீசுகாரியாட்டம்."

"ஒத்துக்குதா?"

"ஒத்துக்கலதான். இங்க யாரு அதெல்லாம் கேக்கறாங்க?"

பேசிக்கொண்டே சட்டத்தைப் பிடித்து மெதுவாக எழுந்தார். தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். கட்டியிருந்தது நம்மூர்ச் சேலை. தரையில் பெருக்கவில்லை. கணுக்காலுக்குச் சரியாக நின்றது.

"பாத்தியா தம்பி? இப்பத்தான் மில்காரனுங்களுக்கு புத்தி வந்திருக்குது. பன்னா எவ்ளோ கரெக்டா இருக்குது பாரு."

அவருக்குப் பின்னால் மகள் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினாள். பிறகு அதே விரலை உதட்டின் மேல் வைத்தாள். சேலையின் அடியில், கரைக்கு மேலே, தையல் ஓடியிருந்தது.

"ஆமாங்க்கா. திருந்திட்டானுங்க" என்றேன்.

"உன் மூஞ்சியே சரியா தெரியில. எழுந்து தள்ளி நில்லு, பாக்கறேன்."

எழுந்து தள்ளிப்போய் நின்றேன். கேட்பார் என்று தெரிந்து, செருப்பையும் கழற்றிவிட்டேன். உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு தடவை பார்த்தார். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"அஞ்சடி மூணேகால்" என்றார் அக்கா. "கொறையவே இல்ல தம்பி நீ."